பனகல் அரசர் சரித்திரம்

திருத்தணிகையினின்று வடக்கு நோக்கிச் செல்வோர் சீகாளத்தியை அடைவர். முன்னாளில் இவ்விரு தலங்களும் வட ஆர்க்காட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. காளத்தி ஜமீனுக்கு உரியவரான தாமர்ல வமிசத்தார் நம் வெலம குலத்தவரே. 1639-ஆம் ஆண்டில் கடற்கரையிலிருந்த சிறு நிலப்பகுதியை ஆங்கில வர்த்தகர்க்கு அளித்த வேங்கடாத்திரி நாயகர் அவ்வமிசத்தில் உதித்தவர். அவர்தம் தந்தையார் சென்னப்பரின் பெயராலேயே சென்னப்பட்டணம் பெயர் பெற்றதென்பர்.

அக்காளத்தியில், பனகண்டி என்னும் வெலமக் குடியில், 1866-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ந் தேதி இராமராயநிங்கார் பிறந்தார். சென்னையிற் கல்வி கற்று, வடமொழியில் தேர்ச்சி பெற்றுப் பட்டதாரியானார். செல்வக் குடிப் பிறந்தோர் பலர் வேட்டையிலும் வழக்கிலும் நாள் கழித்த அக்காலத்தில், இவர் பொதுப்பணியை நாடினார். 1912 முதல் 1915 வரை இந்திய சட்டசபையில் தென்னாட்டு நிலச்சுவான்தார்களின் பிரதிநிதியாக வீற்றிருந்தார். பின்னர் நீதிக் கட்சியிற் சேர்ந்து, 1921 ஜூலை முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாய் விளங்கினார்.

இவர் செய்த காரியங்களுள் தலையாயது அறநிலையச் சட்டமாகும். கோயில்களுக்கு முன்னோர் விட்ட நிலமும் பொன்னும் கணக்கின்றி அழிவதைக் கண்டு, 1922-ஆம் ஆண்டில் மசோதாவைக் கொணர்ந்தார். மடாதிபதிகளும் தர்மகர்த்தர்களும் பலர் மதத்தில் அரசாங்கம் தலையிடலாகாதென்று எதிர்த்தனர். பரம்பரைத் தர்மகர்த்தர்களுள் இவரை யொத்த ஜமீன்தார்களும் இருந்தனர். தம் இனத்தார்க்கே கசப்பாகுமென அறிந்தும் இவர் பின்வாங்கினாரல்லர். 1925-இல் அது சட்டமாயிற்று. வைத்தியக் கல்லூரியிற் சேர்வார்க்கு வடமொழியறிவு வேண்டுமென்றிருந்த விதியை நீக்கியவரும் வடமொழி வல்லுநரான இவரே என்பர்.

1926-ஆம் ஆண்டுத் தேர்தலில் இவர் கட்சி பெரும்பான்மை பெறவில்லை, பதவி நீங்கிற்று. 1928 டிசம்பர் 16-ந் தேதி இவர் காலஞ்சென்றார்.

மாம்பலம் ஏரி நிலத்தில் தியாகராய நகர் எழுந்தபோது, அதன் நடுவே அமைந்த பூங்கா பனகல் அரசர் பெயரைத் தாங்கிற்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தன. ஆயினும் அப்பூங்காவில் இன்றும் ஏழையும் செல்வரும் ஒரே நிழலில் இளைப்பாறுகின்றனர். 1960-இல் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்த தணிகைமலைக் கோயிலும் அவர் சட்டத்தின் வழிவந்த அறநிலையத் துறையின் கண்காணிப்பில் உள்ளது.

நம் குலத்து இளைஞர்காள்! முன்னோர் ஆண்ட காணியை எண்ணிப் பெருமை கொள்ளுதல் எளிது. காணி கைமாறும், பிறர்க்கென விட்ட நிழலே நிலைக்கும். கோயிற் பொருளையும் சங்கப் பொருளையும் கணக்குத் தவறாமற் காப்பதே அப்பெரியார்க்கு நாம் செய்யும் வழிபாடாகும்.