புகையை வென்ற டாக்டர்

லண்டன் நகரின் கிழக்குப் பகுதியில், பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் வெல்குளோஸ் சதுக்கம் இருக்கிறது. 200 ஆண்டுகளுக்கு முன் அங்கு ஒரு டாக்டர் வசித்தார். அவர் பெயர் நதானியேல் வார்டு.

1791-ம் ஆண்டில் பிறந்தவர். 13 வயதில் கப்பல் ஏறி ஜமைக்கா தீவுக்குப் போனார். அங்கு கண்ட பச்சைப் பசேல் காட்சி அவர் மனதை விட்டுப் போகவே இல்லை.

டாக்டர் ஆனதும், வீட்டு முற்றத்தில் கல் அடுக்கிப் பெரணிச் செடி வளர்த்தார். பெரணி பூக்காது. கிணற்றுச் சுவர் ஈரத்தில் சீப்புப் பல் போன்ற இலையோடு முளைத்திருக்குமே, அந்த இனம்தான்.

கரி மூடிய இலைகள்

ஆனால் செடிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. காரணம், ஆலைப் புகை!

செடி பெரும்பாலும் இலை வழியாகச் சுவாசிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத துளைகள் அதில் இருக்கின்றன. கரி படிந்தால் துளை அடைபடும். வெளிச்சமும் படாது. நிலக்கரிப் புகையில் கந்தக நஞ்சும் உண்டு.

நம் வீட்டுக் குரோட்டன்சுக்கு வருவது வெறும் தெருப் புழுதிதான். இலையை உள்ளங்கையில் தாங்கி, ஈரத் துணியால் மெல்லத் துடைத்தால் போதும். அடிப்பக்கத்தையும் மறக்கக் கூடாது. ரோமம் உள்ள இலைக்கு ஈரத்துணி ஆகாது. மெல்லிய தூரிகையால் தட்டிவிட வேண்டும். பழுத்த இலையைக் கிள்ளி எடுத்துவிடலாம். சிலர் பளபளப்புக்காக எண்ணெய் தடவுகிறார்கள். அது செடியின் மூக்கை அடைப்பது போல!

வார்டு எவ்வளவு துடைப்பார்? துடைத்த மறுநாளே மீண்டும் கரி படியும். நஞ்சோ துணிக்கு அகப்படாது.

புட்டியில் அதிசயம்

1829-ம் ஆண்டில் ஒருநாள், ஒரு கூட்டுப்புழுவை ஈர மண்ணில் வைத்துக் கண்ணாடிப் புட்டியில் மூடினார். அது பூச்சியாக மாறுவதைப் பார்க்க ஆசை.

புட்டியைக் கவனித்தார். பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் துளித்தது. பிறகு மண்ணுக்கே திரும்பியது. சில நாளில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் தலை நீட்டின!

முற்றத்தில் வளராத பெரணி புட்டிக்குள் வளர்ந்தது. தண்ணீர் ஊற்றவில்லை. இலையில் ஒரு பொட்டுக் கரி இல்லை. ஏறக்குறைய நான்கு ஆண்டு வாழ்ந்தது. பிறகு மூடி துருப்பிடித்து, மழைத் தண்ணீர் இறங்கிக் கெட்டது.

கடல் கடந்த பெட்டி

வார்டு பெரிய கண்ணாடிப் பெட்டிகள் செய்தார். அந்தக் காலத்தில் கப்பலில் ஏற்றிய செடிகளில் பெரும்பாலானவை உப்புக் காற்றிலும் தண்ணீர்ப் பஞ்சத்திலும் மடிந்தன. 1833-ல் இரண்டு பெட்டிகளைச் சிட்னிக்கு அனுப்பினார். மாதங்கள் கழித்துத் திறந்தபோது செடிகள் உயிரோடு இருந்தன!

அந்தப் பெட்டிகளில்தான் ராபர்ட் பார்ச்சூன் என்பவர் சீனத் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கொண்டு வந்தார். 1861-ல் தென் அமெரிக்காவிலிருந்து கொய்னா மரக் கன்றுகள் நீலகிரிக்கு வந்ததும் அப்படியே. மலேரியாக் காய்ச்சலுக்கு அதன் பட்டைதான் அன்று மருந்து.

டாக்டர் வார்டு 1842-ல் தம் பெட்டியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். புகை சூழ்ந்த சந்துகளில் வாழும் ஏழைகளுக்கும் இந்தப் பெட்டி கிடைக்க வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். 1868-ம் ஆண்டு காலமானார்.