அடுப்படியிலிருந்து அச்சுக்கு: எஸ். மீனாட்சி அம்மாள்

புதுமணப் பெண்ணின் சமையலையும் பாடுபொருளாகக் கொண்ட பெருமை தமிழுக்கு உண்டு. தயிரைப் பிசைந்த விரல்களை உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் படியத் தானே துழாவிச் சமைத்த இளமனைவியையும், அதனை இனிதென்று உண்ட கணவனையும் குறுந்தொகையின் 167ஆம் பாடலில் கூடலூர் கிழார் நம் கண்முன் நிறுத்துகிறார். பொற்கலத்துப் பாலையும் வேண்டாமென மறுத்து ஓடிய சிறுமி, வறுமையுற்ற கணவன் வீட்டில் பசி பொறுக்கும் பக்குவத்தை எங்கே கற்றாள் என்ற வியப்பு நற்றிணையின் 110ஆம் பாடலில் ஒலிக்கிறது.

எங்கே கற்றாள் என்னும் அவ்வினாவிற்குத் தமிழ் வீடுகள் நெடுங்காலம் அளித்துவந்த விடை ஒன்றே. தாயின் அருகில் நின்று கற்றாள். தாயை விட்டு வந்தபின் மாமியாரின் அருகில் நின்று கற்றாள். அருகில் நிற்க ஒருவரும் இல்லாத வீட்டில் எப்படிக் கற்பது என்ற கேள்வி இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது. அதற்கு விடையாக நூல் ஒன்றைத் தந்தவர் ‘சமைத்துப் பார்’ நூலின் ஆசிரியர் எஸ். மீனாட்சி அம்மாள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பிறந்த அம்மையார், இளமையிலேயே கணவரை இழந்தார். கைக்குழந்தையாக ஒரு மகன். பொறுப்பேற்க வேண்டிய குடும்பம். கணவனை இழந்த பெண்ணை, அதிலும் அவர் பிறந்த சமூகத்தில், அக்கால வழக்கம் எப்படி நடத்தியது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. திருமணப் பந்தலிலும் வளைகாப்பிலும் அவளுக்கு இடமில்லை. ஆனால் அடுப்படியில் மட்டும் வேலை இருந்தது. எத்தனையோ பெண்களின் திறமை அந்த அடுப்படியின் புகையோடு மறைந்துபோயிற்று. மீனாட்சி அம்மாளின் திறமை மறையாமற் போனதற்குக் காரணமாக அமைந்தவை உறவினர் எழுதிய கடிதங்கள்.

கூட்டுக் குடும்பங்கள் பிரிந்துகொண்டிருந்த காலம் அது. அரசுப் பணியும் ரயில்வே வேலையும் வங்கி வேலையும் தமிழ் இளைஞர்களைப் பம்பாய்க்கும் டில்லிக்கும் கல்கத்தாவிற்கும் கொண்டுசென்றன. உடன் சென்ற இளம்பெண்கள் பலருக்குப் பள்ளிப் படிப்பு இருந்தது. சமையல் பழக்கம் இல்லை. குழம்பிற்குப் புளி எவ்வளவு, அப்பளத்திற்கு மாவு எப்படிப் பிசைவது என்று அவர்கள் அம்மையாருக்குக் கடிதம் எழுதிக் கேட்டனர். அவரும் விளக்கமாகப் பதில் எழுதினார். ஒருவருக்கு எழுதியதையே மற்றொருவருக்கும் எழுத வேண்டியிருந்தது. இதைக் கவனித்த அவருடைய உறவினர், சென்னைப் பொதுவாழ்வில் புகழ்பெற்ற வழக்கறிஞரும் சங்கீத வித்வத் சபையின் தலைவராக விளங்கியவருமான கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயர், இவற்றை நூலாக எழுதலாமே என்று ஊக்குவித்தார். 1951ஆம் ஆண்டு ‘சமைத்துப் பார்’ முதற்பாகம் வெளிவந்தது. பின்னர் மேலும் இரு பாகங்கள் தொடர்ந்தன.

தமிழில் சமையல் நூல் இல்லாமலில்லை. வீமன் இயற்றிய மடைநூல் ஒன்றைப் பற்றிய குறிப்பு சிறுபாணாற்றுப்படையிலேயே உண்டு. பாகசாஸ்திரம் என்னும் பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நூல்கள் அச்சாயின. ஆயினும் அவற்றில் பல, ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவருக்கு நினைவூட்டுவன போன்றவை. அம்மையாரோ ஒன்றும் தெரியாதவரை மனத்திற்கொண்டு எழுதினார். இத்தனை பேருக்கு இவ்வளவு என்று கணக்கிட்டார். முதலில் வேண்டிய பொருள்களை அளவோடு சொன்னார். பிறகு எதை எப்போது சேர்ப்பது, எந்த நிறம் வந்ததும் இறக்குவது என்று வரிசையாக விளக்கினார். சாம்பார், ரசம், கூட்டு, பச்சடி தொடங்கி இட்லி, தோசை, பட்சணம், ஊறுகாய், வடகம் வரை இந்த ஒழுங்கு குலையவில்லை.

கைப்பழக்கத்தை எழுத்தில் வடிப்பது எளிதன்று. பல ஆண்டு சமைத்த கை உப்பை அளந்து போடுவதில்லை. எவ்வளவு என்று கேட்டால் அதற்குச் சொல்லவும் தெரியாது. கண்ணளவு, கையளவு என்பதோடு அந்த அறிவு நின்றுவிடும். அம்மையார் தம் கையறிந்ததை ஆழாக்காகவும் ரூபாய் எடையாகவும் மாற்றினார். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மெட்ரிக் அளவை நாட்டில் பரவியபின், ஆழாக்கும் படியும் பலமும் புழக்கத்திலிருந்து மறைந்தன. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதே தெரியாத தலைமுறை வந்தது. ஆயினும் நூல் நின்றது. அளவை மாறினாலும் பொருளுக்குப் பொருள் உள்ள விகிதம் மாறவில்லை அல்லவா!

நூலின் பெயரும் எண்ணத்தக்கது. படித்துப் பார் என்றோ கற்றுக்கொள் என்றோ அவர் பெயரிடவில்லை. செய்து பார்த்தாலன்றிச் சமையல் வராது. முதல்முறை தவறினால் குற்றமில்லை, மறுமுறை பார் என்னும் பரிவும் அப்பெயரில் அடங்கியிருக்கிறது.

1962ஆம் ஆண்டு அம்மையார் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த பதிப்பகத்தின் வாயிலாக நூலைக் குடும்பத்தார் தொடர்ந்து வெளியிட்டனர். ஆங்கிலத்திலும் வேறு இந்திய மொழிகளிலும் அது சென்றது. கடல்கடந்து செல்லும் மணப்பெண்ணின் பெட்டியில் பட்டுப்புடவையோடு ‘சமைத்துப் பார்’ பாகங்களும் இடம்பெற்றன. மங்கல நிகழ்ச்சிகளில் முன்னே வரக்கூடாதென்று வழக்கம் ஒதுக்கிய ஒரு கைம்பெண்ணின் நூல், திருமணப் பரிசாக வீடுதோறும் கொடுக்கப்பட்டது. எவரையும் எதிர்த்து ஒரு சொல் எழுதாமலே அவர் பெற்ற வெற்றி இது.

அந்நூலின் எல்லையையும் சொல்லத்தான் வேண்டும். அது தமிழகத்தின் சமையல் முழுவதும் அன்று. ஒரு சமூகத்தின் புலால் மறுத்த சமையல். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, எயினர் குடியிருப்பு, ஆயர் பாடி, உழவர் ஊர், வலைஞர் சேரி, அந்தணர் இல்லம் என ஒவ்வோரிடத்தும் பாணனுக்குக் கிடைக்கும் வெவ்வேறு உணவைச் சொல்கிறது. அத்தனை அடுப்படிகளுக்கும் ஒரு மீனாட்சி அம்மாள் அன்றே வாய்க்கவில்லை. கருவாட்டுக் குழம்பின் பக்குவமும் கேழ்வரகுக் களியின் பதமும் நெடுங்காலம் வாய்மொழியாகவே தங்கிவிட்டன.

அந்தத் தொண்டை நாட்டின் ஒரு பகுதியே இன்றைய ஒரகடம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் உருவாகத் தொடங்கின; 2010இல் ஒரகடத்திலும் கார் ஆலை திறக்கப்பட்டது. தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் இளைஞர்களும் இளம்பெண்களும் இங்கு வந்து சேர்ந்தனர். விடுதி உணவால் பெண் தொழிலாளர்கள் நோயுற்று, 2021 டிசம்பரில் அவர்கள் தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடினர். 2024இல் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. வாடகை அறையில் நால்வர் ஐவராகத் தங்கி, இரவுப் பணி முடிந்து வந்து உலை வைக்கும் இளைஞர் இங்கே ஏராளம். தாயின் அருகில் நிற்க முடியாதவர் இவர்கள். அன்று கடிதத்தில் கேட்டதை இன்று கைப்பேசியில் கேட்கின்றனர்; கேள்வி மட்டும் அதேதான்: உப்பு எவ்வளவு, எப்போது இறக்குவது?

முன்பு மகள் மட்டும் கேட்ட இக்கேள்வியை இப்போது மகனும் கேட்கிறான். தெரியாதவரை இகழாமல், தெரிந்ததை மறைக்காமல், அளவோடும் வரிசையோடும் சொன்ன மீனாட்சி அம்மாளை, எழுத்தைத் தொழிலாகவும் தவமாகவும் கொண்டவர்கள் நன்றியோடு நினைவுகூர்தல் தகும்.