இந்துபோர்ட் இராசரத்தினம்

தாம் வளர்த்த சபையின் பெயரையே தம் பெயருக்கு அடைமொழியாகப் பெற்ற பெருமகன் யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி சு. இராசரத்தினம் அவர்கள். அன்னார் 1884ஆம் ஆண்டு பிறந்தார்.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி வழிகாட்டினார். எனினும் முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்னரும் பல கிராமங்களில் மிஷன் பாடசாலையன்றி வேறு பாடசாலை இருக்கவில்லை. கல்வி வேண்டிய ஏழைச் சைவப் பிள்ளைக்கு வேறு வழியும் இருக்கவில்லை. இக்குறை நீக்க 1923இல் சைவ வித்தியாவிருத்திச் சங்கம் தோன்றியது. அதுவே இந்துபோர்ட்.

சங்கத்தின் பெரும்பாரத்தைச் சுமந்தவர் இராசரத்தினம் அவர்களே. அரசாங்க உதவிப்பணம் ஆசிரியர் சம்பளத்துக்கே உதவியது. காணி, கட்டிடம், தளபாடம் யாவற்றையும் முகாமையே தேடவேண்டும். சட்டத்தொழிலின் வருவாயிலும் இப்பணியையே அவர் பெரிதெனக் கொண்டார். நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகள் சங்கத்தின் கீழ் வளர்ந்தன. திருநெல்வேலியில் சைவ ஆசிரிய கலாசாலையும், ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லமும் அமைந்தன. சட்டநிரூபண சபையிலும் அன்னார் வடபகுதிப் பிரதிநிதியாக அமர்ந்தார்.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகள் அரசாங்கத்தின் வசமாயின. நாற்பது ஆண்டளவு உழைப்பின் பயன் கைமாறியதை முதுமையில் கண்டார். 1970இல் சிவபதமெய்தினார்.

பாடசாலைகளின் பெயர்ப்பலகைகள் மாறினாலும், அங்கே ஏடு தொடக்கிய பிள்ளைகள் படித்து முன்னேறினர். அக்கல்வியை எவரும் கையேற்க முடியாது. பொதுப்பணி செய்வோர்க்கு அன்னாரின் வாழ்வு என்றும் வழிகாட்டுவதாக.