அமானிதம் காத்த வீரர் லெப்டினண்ட் அத்னான்

சுங்கை பினாங்கில் வாழும் நம்மவர் குடும்பங்களில், ஜப்பான்காரன் காலத்துக் கதைகளைக் கேளாமல் வளர்ந்தவர் குறைவு. 1941 டிசம்பர் 11-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீது குண்டு மாரி பொழிந்தன. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவிலே கூடி நின்ற மக்கள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். சில தினங்களில், நம்மை ஆண்ட வெள்ளையர் தம் இனத்தாரைக் கப்பலேற்றிக் கொண்டு இரவோடிரவாகத் தீவை விட்டு அகன்றனர். 19-ஆம் தேதி ஜப்பானியப் படை உள்ளே நுழைந்தது.

காப்பதாகச் சொன்னவர்கள் கைவிட்டுப் போன அதே யுத்தத்தில்தான், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட இடத்தை விட்டு நகராமல் நின்று உயிர் நீத்தார் ஒரு முஸ்லிம் வாலிபர். அவரே லெப்டினண்ட் அத்னான் பின் சைடி. அவருடைய வரலாற்றை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டியது அவசியம்.

அத்னான் 1915-ஆம் ஆண்டு சிலாங்கூரில் காஜாங்கை அடுத்த சுங்கை ராமால் என்னும் கிராமத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பை முடித்த பின், ஓராண்டுக்கு மேல் பயிற்சி ஆசிரியராகப் பணியாற்றினார். அந்தக் காலத்தில், மலாய்க்காரர்கள் கட்டுப்பாடுள்ள பட்டாளத்துக்கு ஏற்றவர்கள்தாமா என்ற சந்தேகம் ஆங்கில அதிகாரிகளுக்கு இருந்தது. எனவே 1933 மார்ச் 1-ஆம் தேதி போர்ட்டிக்சனில் 25 வாலிபர்களை மட்டும் சேர்த்து, சோதனைக்காக ஒரு படைப் பிரிவைத் தொடங்கினார்கள். அதுவே மலாய் ரெஜிமெண்டாக வளர்ந்தது.

அவ்வாண்டிலேயே 18 வயது அத்னானும் படையில் சேர்ந்தார். ஓராண்டுக்குள் சிறந்த புதுவீரர் என்ற பெயர் பெற்றார். 1936-இல் சார்ஜண்ட் ஆனார். 1937-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா அணிவகுப்புக்காக லண்டன் சென்று வந்தார். பின்னர் ஆபீசர் பயிற்சி பெற்று செகண்ட் லெப்டினண்ட் ஆகி, முதலாவது பட்டாலியன் ‘சி’ கம்பெனியில் 7-ஆவது பிளாட்டூனுக்குத் தலைவரானார். அதிகம் பேசாதவர், கண்டிப்பு மிக்கவர். அவருடைய மனைவி மார்க்கக் கல்வி போதித்த ஆசிரியை.

யுத்தம் நெருங்கிய சமயம் அத்னானின் குடும்பம் சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் பகுதியில் வசித்தது. கர்ப்பமாயிருந்த மனைவியையும் இரு புதல்வர்களையும் காஜாங்குக்கு அனுப்பி வைத்துவிட்டு, அவர் தம் படையோடு இருந்துகொண்டார். அதுவே அவர்களுடைய கடைசிச் சந்திப்பாயிற்று.

1942 பிப்ரவரி 8-ஆம் தேதி இரவு ஜப்பானியர் சிங்கப்பூர்த் தீவில் கரையிறங்கினர். 13-ஆம் தேதி அவர்களின் 18-ஆவது டிவிஷன் பாசிர் பாஞ்சாங் குன்றுத் தொடரைத் தாக்கிற்று. அன்று நள்ளிரவில் ‘சி’ கம்பெனி புக்கிட் சண்டு என்ற குன்றுக்கு மாறும்படி உத்தரவு பெற்றது. சண்டு என்றால் மலாயில் அபின். அடிவாரத்தில் இருந்த அபின் தொழிற்சாலையால் அப்பெயர் வந்தது. குன்றுக்குப் பின்னால் அலெக்சாண்ட்ரா வட்டாரத்தில் ராணுவ ஆஸ்பத்திரியும் வெடிமருந்துக் கிடங்கும் இருந்தன. ஒருபுறம் ஓடிய கால்வாயிலோ, கிடங்கிலிருந்து வழிந்த எண்ணெய் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. அந்த வழியாகப் பின்வாங்கவும் இயலாது.

14-ஆம் தேதி பிற்பகல், தலைப்பாகை கட்டிய பஞ்சாபிச் சிப்பாய்களைப் போல் ஒரு கூட்டம் குன்றை நோக்கி அணிவகுத்து வந்தது. நம் பக்கத்துப் படைதான் என்று எவரும் எண்ணியிருப்பர். ஆனால் அத்னானின் கண்ணில் ஒரு பிசகு பட்டது. பிரிட்டிஷ் படையினர் மூவர் மூவராக வரிசையிடுவது வழக்கம். வந்தவர்களோ நால்வர் நால்வராக வந்தனர். மாறுவேடம் பூண்ட ஜப்பானியர் இவர்கள் என்று அறிந்த அவர், அருகில் வரும்வரை பொறுத்திருந்து சுடச் செய்தார். சுமார் 20 பேர் அங்கேயே வீழ்ந்தனர், மற்றவர்கள் ஓடினர்.

இரண்டு மணி நேரத்துக்குப் பின் எதிரிகள் பெருந்திரளாகத் திரும்பி வந்தனர். மலாய் வீரர்கள் துப்பாக்கி ரவை தீரும் நிலையிலும் பயனெட் கொண்டு கைகலந்து போரிட்டனர். அத்னான் தாமே இயந்திரத் துப்பாக்கி ஏந்திச் சுட்டார். பலத்த காயமடைந்தும் பின்வாங்க மறுத்தார். இறுதியில் பிடிபட்ட அவரைப் பகைவர் கொடூரமாகக் கொன்று, உடலை மரத்தில் தொங்க விட்டனர். மறுநாள், பிப்ரவரி 15, பிரிட்டிஷ் தளபதி சரணடைந்தார். அந்தக் குன்றுகளில் மலாய் ரெஜிமெண்ட் இழந்தவர் 159 பேர்.

ஒரே நாளில் வீழவிருந்த நகரத்துக்காக, அதுவும் வெள்ளையர் படையிலிருந்து, உயிரைக் கொடுத்தது வீண்தானே என்று சிலர் கேட்கலாம். சாம்ராஜ்யத்தின் கணக்கிலே அது நஷ்டமாக இருக்கலாம். ஆனால் அவருக்குப் பின்னால் இருந்தது சாம்ராஜ்யம் மட்டுமல்ல. அகதிகளால் நிரம்பிய நகரம். பக்கத்தில் இருந்தது அவரை நம்பிய வீரர்கள். நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். பணமும் நகையும் மட்டுமா அமானிதம்? பொறுப்பும் அமானிதமே. மேலிருப்போர் அதைக் கைவிட்டார்கள் என்பதற்காக, கீழிருப்பவர் தம் பங்கைக் கைவிடலாகாது என்பதை அத்னான் செய்து காட்டினார். இவர்களால் இயலுமா என்று சந்தேகித்துத் தொடங்கிய சோதனைக்கு, 9 ஆண்டுகளில் அவர் அளித்த பதிலும் அதுவே.

அன்னாருக்குச் சென்று ஸியாரத் செய்ய ஒரு கப்ரு இல்லை. சிங்கப்பூர் கிராஞ்சி யுத்த நினைவிடத்தில் பெயர் மட்டும் பொறிக்கப்பட்டுள்ளது. புக்கிட் சண்டுவில் 2002-இல் ஒரு நினைவு இல்லமும் திறக்கப்பட்டது. சிங்கப்பூர் செல்லும் நம்மவர்கள், கடைவீதிகளோடு திரும்பிவிடாமல், பிள்ளைகளை அங்கேயும் ஒருமுறை அழைத்துச் செல்வது நலம்.

வல்ல நாயன் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, ஷுஹதாக்களின் கூட்டத்தில் சேர்த்தருள்வானாக. நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைக் காக்கும் உறுதியை நமக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.