கணித மேதை கவுஸும் அவரைக் கண்டெடுத்த உபாத்தியாயரும்

1777ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 30ஆந் திகதி, ஜேர்மனி தேசத்துப் பிரன்ஸ்விக் நகரிலே, கார்ல் பிரெடெரிக் கவுஸ் ஓர் ஏழைக் குடியிற் பிறந்தார். தந்தையார் தோட்ட வேலை, கொத்து வேலை எனக் கிடைத்த தொழிலைச் செய்து குடும்பத்தைக் காத்தவர். தாயார் டொரத்தேயா எழுத்து வாசனை அறியாதவர். இயேசுநாதர் விண்ணேறிய திருநாளுக்கு எட்டு நாள் முந்திய புதன்கிழமை என்பதே மகன் பிறந்த நாளைப் பற்றி அவர் நினைவில் நின்றது. அக்குறிப்பைக் கொண்டே பிற்காலத்தில் கவுஸ் தமது பிறந்த திகதியைக் கணித்தறிந்தார் என்பர்.

ஏழாம் வயதிற் சேர்ந்த ஆரம்பப் பாடசாலையோ ஒரே அறையில் நூறு பிள்ளைகள் வரை நெருங்கியிருந்த இடம். தலைமை உபாத்தியாயர் பியூற்னர் பிரம்புக்குப் பேர்போனவர். ஒருநாள் அவர் நீண்டதொரு கூட்டற் கணக்கைக் கொடுத்தார். முடித்தவர் தம் சிலேற்றை மேசைமேல் வைக்கவேண்டும் என்பது வழக்கம். கணக்குச் சொல்லி வாய்மூடுமுன் சிறுவன் கவுஸின் சிலேற்று மேசைக்கு வந்துவிட்டது! அதில் இருந்தது ஒரேயோர் எண். கணக்கு 1 முதல் 100 வரை கூட்டுவது என்றே நாமெல்லாம் சிறுவயதிற் கேட்டிருக்கிறோம். கவுஸின் நண்பர் 1856இல் எழுதிய வரலாற்றிலோ அவ்வெண்கள் இல்லை. எண்கள் எவையாயினும் வழி ஒன்றே: முதலையும் கடைசியையும் கூட்டினால் 101, அத்தகைய சோடிகள் 50, ஆகவே 5050.

கதை சொல்வோர் பெரும்பாலும் இவ்விடத்தில் நிறுத்திவிடுவர். அடுத்து நடந்ததே எமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. பியூற்னர் பிரம்பை எடுக்கவில்லை. அம்பூர்க் நகரிலிருந்து உயர்ந்த கணித நூலொன்றைத் தருவித்து அப்பையனுக்குக் கொடுத்தார். பின்னர், தம்மால் இவனுக்குக் கற்பிக்க ஏதுமில்லை என்றும் ஒப்புக்கொண்டார். பிரம்பெடுத்த கைக்கு இவ்வளவு பணிவு எளிதன்று.

அப்பாடசாலையில் மாட்டின் பாட்டெல்ஸ் என்னும் உதவியாளர் இருந்தார். ஈயப் பாத்திரத் தொழிலாளியின் மகன். கவுஸுக்கு எட்டு வயது மூத்தவர். பிள்ளைகளுக்கு இறகுப்பேனை சீவிக் கொடுப்பது அவர் வேலை. இருவரும் சேர்ந்து அட்சரகணிதம் படித்தனர். ஆனால் வீட்டில் மாலைதோறும் நூல் நூற்கும் வேலை காத்திருந்ததே! மகன் கைத்தொழில் பழகவேண்டும் என்றிருந்த தந்தையாரை இணங்கச் செய்து அந்த நேரத்தைப் படிப்புக்கு மீட்க வேண்டியதாயிற்று. அந்நேரம் கிடையாதிருந்தால் வாங்கிய நூல் என்ன பயன் தந்திருக்கும்?

பாட்டெல்ஸ் அறிமுகஞ் செய்த பெரியோர் வாயிலாகக் கவுஸின் புகழ் பிரன்ஸ்விக் கோமகனுக்கு எட்டியது. 1791இல் கோமகன் அழைத்துப் பார்த்து உதவிப்பணம் அளித்தார். கவுஸ் 1795இல் கொற்றிங்கன் பல்கலைக்கழகம் புகுந்தார். மறு ஆண்டு, 19 வயது நிரம்புமுன், பதினேழு பக்க ஒழுங்கான உருவை அளவுகோலும் கவராயமும் மாத்திரங்கொண்டு அமைக்கலாம் என நிறுவினார். 1801இல் வெளிவந்த எண்கணிதப் பெருநூலைக் கோமகனுக்கே காணிக்கையாக்கினார். 1807 முதல் கொற்றிங்கன் வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்தார். தாயாரையும் அங்கு அழைத்து, 1839இல் அவர் இறக்கும்வரை தம்மோடு வைத்திருந்தார்.

பாட்டெல்ஸோ 1808இல் இரசியாவின் கசான் நகருக்குப் பேராசிரியராகச் சென்றார். அங்கே அவரிடம் கற்றவர் லோபசெவ்ஸ்கி. தந்தையை இழந்து, அரசாங்க உதவிப்பணத்தில் படித்த பிள்ளை. பின்னாளில் யூக்கிளிட்டின் வழிக்கு வேறான கேத்திரகணிதம் கண்டவர். கவுஸ் முதுமையில் இரசிய மொழி பயின்று அவர் ஆக்கங்களை வாசித்தார். 1842இல் கவுஸின் பரிந்துரையால் லோபசெவ்ஸ்கி கொற்றிங்கன் அறிஞர் கழகத்தில் அங்கத்தவரானார். பாட்டெல்ஸ் அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார்.