சுரங்கச் சிறுவன் கட்டிய அணி

ஸ்காட்லாந்தில் ஆர்பிஸ்டன் என்ற சுரங்கக் கிராமத்தில் 1909-ல் பிறந்தவர் மாட் பஸ்பி. நிலக்கரித் தொழிலாளியான தந்தை முதல் உலகப் போரில் மாண்டார். பிழைப்புத் தேடி அமெரிக்காவில் குடியேறத் தாய் விண்ணப்பித்தார். அனுமதிக்குக் காத்திருந்த நாட்களில் மகன் சுரங்கத்தில் வேலை பார்த்தான். 1928-ல் மான்செஸ்டர் சிட்டி கால்பந்துக் குழு அழைத்தது. அமெரிக்கப் பயணம் நின்றது.

முன்வரிசையில் பஸ்பி சோபிக்கவில்லை. ரைட் ஹாப் இடத்துக்கு மாறியதும் ஆட்டம் களை கட்டியது. 1934-ல் எப்.ஏ. கோப்பையை வென்ற அணியில் அவரும் இருந்தார்.

1945-ல் மான்செஸ்டர் யுனைடெட் மானேஜரானார். குண்டு வீச்சில் மைதானம் சிதைந்து கிடந்தது. இளைஞர்களைச் சேர்த்து வளர்ப்பதையே அவர் நம்பினார். 1956, 1957 லீக் பட்டங்கள் அதன் பலன். லீக் நிர்வாகம் விரும்பாதபோதும் ஐரோப்பியக் கோப்பையில் அணியை இறக்கினார்.

1958 பிப்ரவரி 6. பெல்கிரேடில் ஆடித் திரும்பியவர்களின் விமானம், மியூனிக்கில் பனிச்சேறு படிந்த ஓடுபாதையில் கிளம்ப முடியாமல் நொறுங்கியது. 23 பேர் பலி. அவர்களில் 8 பேர் ஆட்டக்காரர்கள். பஸ்பிக்கு இருமுறை இறுதி ஜெபம் நடந்தது. பிழைத்தவரை, பிள்ளைகளை அழைத்துச் சென்றது தானே என்ற வேதனை வாட்டியது. ஆட்டமே வேண்டாமென்றிருந்தவரின் மனத்தை மனைவி ஜீன் மாற்றினார்.

மீண்டும் ஓர் அணியைக் கட்டினார். 1968 மே 29-ல் வெம்பிளியில் பென்பிகாவை 4-1 என்று வென்று, ஐரோப்பியக் கோப்பை பெற்ற முதல் இங்கிலாந்து அணியானது யுனைடெட். விபத்தில் தப்பிய பாபி சார்ல்டனும் பில் போல்க்ஸும் அன்று ஆடினர்.

பஸ்பி 1994-ல், 84-வது வயதில் காலமானார். மைதானத்துக்குச் செல்லும் சாலை இன்று அவர் பெயரால் வழங்குகிறது.