விழாக் கூட்டம் கலைந்த பின்: புனித அகுஸ்தினாரின் ஒரு மறையுரை

கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலிக்கு நம் கோயில்களில் நிற்கவும் இடம் இருப்பதில்லை. அடுத்து வரும் ஞாயிறன்று அதே கோயிலில் பாதி இருக்கைகள் காலியாகக் கிடக்கும். பாடகர் குழுவில் பலருக்குத் தொண்டை கட்டியிருக்கும். குருக்களாகிய நமக்கோ வாரம் முழுவதும் வீடு சந்திப்பு, விருந்தினர், கேக். மறையுரைக்கென்று உட்கார நேரம் வாய்ப்பது பெரும்பாலும் சனிக்கிழமை இரவுதான்.

அந்த ஞாயிறு திருக்குடும்பத் திருவிழா. திருச்சபையின் விழாக்களில் இது மிகப் பழையதன்று. திருத்தந்தை 13-ஆம் லியோ 1893-இல் இதற்கு அனுமதி அளித்தார். 15-ஆம் பெனடிக்ட் 1921-இல் உலகத் திருச்சபை முழுவதற்கும் விரிவாக்கினார். 1969-இல் வந்த புதிய திருவழிபாட்டு நாள்காட்டிதான் இதைக் கிறிஸ்து பிறப்பை அடுத்த ஞாயிறுக்குக் கொண்டுவந்தது. அன்று பேச வேண்டிய பொருள் குடும்பம். கேட்க எளிது, பேசுவது கடினம். ஏனெனில் நம் எதிரே அமர்ந்திருப்பவர்களில் கணவர் வளைகுடாவில் இருக்க, மாமியாரோடு வாழும் பெண் இருக்கிறார். கைவிடப்பட்டவர் இருக்கிறார். பாட்டி வளர்க்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பிள்ளை இல்லாத தம்பதியர் கடைசி வரிசையில் இருக்கிறார்கள். குடிலில் உள்ள குடும்பத்தைக் காட்டி, இதுபோல் இருங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினால் இவர்கள் என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்?

இந்தக் கேள்வியோடு நாம் ஒவ்வோர் ஆண்டும் திரும்பிப் போவது புனித அகுஸ்தினாரிடம். அவர் காலத்தில் திருக்குடும்ப விழா கிடையாது. ஆயினும் கிறிஸ்து பிறப்பு முடிந்த சில நாள்களில் அவர் ஆற்றிய நீண்ட மறையுரை ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. இன்றைய பதிப்புகளில் அது 51-ஆம் மறையுரை. யோசேப்பு உண்மையில் இயேசுவுக்குத் தந்தைதானா என்பதே அதன் பொருள். மத்தேயு, லூக்கா தரும் மூதாதையர் பட்டியல்கள் ஏன் ஒத்துப்போகவில்லை, மரியாவின் கன்னிமையை அறிக்கையிடும் நாம் எதற்காக யோசேப்பின் வழியாகத் தலைமுறைகளை எண்ணுகிறோம் என்று அன்று பலர் கேட்டு வந்தார்கள். அகுஸ்தினார் இதைக் கிறிஸ்து பிறப்பு நாளிலேயே எடுத்தார். ஆனால் விடையைத் தள்ளிவைத்தார். இறைவார்த்தை பாரமாகத் தோன்றும் ஆள்களும் பெருவிழா அன்று கோயிலுக்கு வருவார்கள், அவர்கள் நடுவே இவ்வளவு நுட்பமான பொருளை விரிக்க வேண்டாம் என்பது அவர் காரணம். உரை நிகழ்ந்த நாளிலோ நகரில் பொதுக் கேளிக்கைக் காட்சிகள் நடந்தன. அவை வேண்டாதவர்களை ஊதித் தள்ளிவிட்டன என்று அவரே குறிப்பிடுகிறார். எஞ்சியவர்கள் கேட்க விரும்பி வந்தவர்கள். அவர்களிடம் அவர் மனம் திறந்தார்.

அப்படிப் பேசியவரின் சொந்த வீடு எப்படி இருந்தது?

அகுஸ்தினார் கி.பி. 354 நவம்பர் 13 அன்று வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்றைய அல்ஜீரியாவில் சூக் அஹ்ராஸ் என வழங்கும் ஊர் அது. தாய் மோனிக்கா கிறிஸ்தவர். தந்தை பத்ரீசியு வாழ்நாளின் இறுதியில்தான் திருமுழுக்குப் பெற்றார். கோபக்காரர், மனைவிக்கு உண்மையாக நடக்காதவர் என்று மகனே எழுதிவைத்திருக்கிறார். மகனின் கல்விக்காகத் தம் வசதிக்கு மீறிச் செலவழித்தவரும் அவரே. இரண்டையும் மகன் மறைக்கவில்லை.

கார்த்தேஜ் நகரில் படிக்கும்போதே அகுஸ்தினார் ஒரு பெண்ணோடு திருமணமின்றி வாழத் தொடங்கினார். மகன் பிறந்தான். கடவுள் கொடுத்தவன் என்ற பொருளில் அதேயோதாத்து என்று பெயரிட்டார்கள். பிள்ளை வேண்டும் என்று எதிர்பார்த்துப் பிறந்தவன் அல்லன். பிறந்த பின்னர் அவனை நேசிக்காமல் இருக்க முடியவில்லை என்று பின்னாளில் எழுதினார். ஏறத்தாழ 15 ஆண்டுகள் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள். அகுஸ்தினார் மிலான் நகரில் சொல்லாட்சிப் பேராசிரியராக உயர்ந்தபோது, பதவிக்குத் தக்க குடும்பத்தில் பெண் பார்த்தார்கள். முன்னின்று பார்த்தவர் மோனிக்கா. அதற்குத் தடையாக இருந்தவர் ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். வேறு ஆணை இனி அறிவதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு, மகனைத் தந்தையிடம் விட்டுவிட்டு அவர் கப்பல் ஏறினார். நிச்சயிக்கப்பட்ட சிறுமி மணவயதை எட்ட இன்னும் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். அகுஸ்தினார் அதுவரை பொறுக்கவில்லை. இன்னொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். புனிதர்களின் வரலாற்றில் நாம் வேகமாகக் கடந்துபோக விரும்பும் பகுதி இது. மோனிக்காவின் கண்ணீரைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கம் செய்திருக்கிறோம். அந்தக் கப்பலில் போனவரின் கண்ணீரைப் பற்றி எவரும் பேசி நாம் கேட்டதில்லை.

386-இல் மனமாற்றம். திருமணமும் வேண்டாம், பதவியும் வேண்டாம் என்றார். 387 பாஸ்கா திருவிழிப்பில் ஆயர் அம்புரோசியார் கையால் அகுஸ்தினார் திருமுழுக்குப் பெற்றபோது, பதினைந்து வயது மகனும் உடன் நின்று அருள்வாழ்வைப் பெற்றான். அதே ஆண்டில் ஊர் திரும்பும் வழியில், ஓஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா இறந்தார். தகாஸ்தேயில் தந்தையும் மகனும் நண்பர்களோடு ஒரு துறவு இல்லம்போல வாழ்ந்தார்கள். 'ஆசிரியர்' என்னும் சிறு நூல் தந்தைக்கும் மகனுக்கும் இடையே நடந்த உரையாடல். அதில் மகன் சொல்வதெல்லாம் அவனே சிந்தித்துச் சொன்னது, அவனுடைய அறிவு தமக்கே வியப்பூட்டியது என்று தந்தை பெருமைப்படுகிறார். அந்தப் பிள்ளை இளமையிலேயே இறந்துபோனான்.

மனைவி என்று சொல்ல முடியாத துணையை அனுப்பிவிட்டவர், தாயை அடக்கம் செய்தவர், ஒரே மகனை இழந்தவர். 391-இல் ஹிப்போ நகருக்கு வந்தவர் இப்படிப்பட்ட மனிதர். இன்று அது அன்னாபா என்னும் துறைமுக நகர். அங்கு வயது முதிர்ந்த ஆயர் வலேரியு, தமக்கு ஒரு குரு தேவை என்று கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் இருந்த அகுஸ்தினாரை மக்கள் பிடித்து முன்னே தள்ளிவிட்டார்கள். அவர் அழுதார். ஆயர் பதவி கிடைக்கவில்லையே என்று அழுகிறார் போலும் என்று சிலர் ஆறுதல் சொன்னார்களாம்! பங்கு மக்கள் நம்மைப் புரிந்துகொள்ளும் விதம் அன்றும் இப்படித்தான்.

வலேரியுவின் தாய்மொழி கிரேக்கம். இலத்தீனில் பேச அவர் தடுமாறினார். ஆயர் முன்னிலையில் குரு மறையுரை ஆற்றுவது அக்கால ஆப்பிரிக்கத் திருச்சபையில் வழக்கம் இல்லை. அந்த வழக்கத்தை மீறி, அகுஸ்தினாரைப் பேசச் சொன்னார் வலேரியு. பேச்சுக் கலையைப் பேரரசின் இளைஞர்களுக்குக் கற்பித்த பேராசிரியர் அப்போது செய்தது என்ன தெரியுமா? பாஸ்கா வரை விடுப்புக் கேட்டு ஆயருக்குக் கடிதம் எழுதினார். திருநூலைப் படிக்க வேண்டும், மன்றாட வேண்டும், தமக்கு வேண்டியது எது என்பதை இப்போதுதான் உணர்கிறேன் என்ற கருத்தில் அமைந்தது அக்கடிதம். பேசத் தெரிந்தவருக்கு அந்தத் திறமை போதவில்லை என்பதை நாம் கவனிக்கிறோம்.

395 அல்லது 396-இல் ஆயராகி, இறக்கும் வரை, ஏறத்தாழ 35 ஆண்டுகள் மறையுரை ஆற்றினார். அவர் எழுதி வைத்துக்கொண்டு படித்தவர் அல்லர். வாசகங்களைத் தியானித்து, மன்றாடிவிட்டு, மக்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார். ஆயர் அமர்ந்திருப்பார், மக்கள்தான் நின்று கேட்பார்கள், கைதட்டுவார்கள், கூவுவார்கள். சுருக்கெழுத்தர்கள் அவ்வப்போதே எழுதிக்கொண்டார்கள். அப்படித்தான் 500-க்கும் மேற்பட்ட உரைகள் நம் கைக்கு வந்தன. 1990-இல்கூட ஜெர்மனியின் மைன்ஸ் நகர நூலகத்தில் ஒரு கையெழுத்துப் படியில் 26 உரைகள் கண்டறியப்பட்டன. அவற்றில் ஒன்று ஜனவரி முதல் நாள் ஆற்றிய மிக மிக நீண்ட உரை; புத்தாண்டுக் களியாட்டத்துக்குப் போகாமல் மக்களைக் கோயிலிலேயே நிறுத்திவைக்கத்தான் அவ்வளவு நேரம் பேசினாரோ என்று ஆய்வாளர் கருதுவதுண்டு. நம் மக்கள் அதற்கு இசைவார்களா என்பது வேறு கேள்வி.

ஒருமுறை குறுகிய திருப்பாடல் ஒன்றுக்கு ஆயத்தம் செய்து வந்திருந்தார். வாசகர் தடுமாறி வேறொரு நீண்ட திருப்பாடலை வாசித்துவிட்டார். அகுஸ்தினார் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. வாசகரின் தவற்றில் இறைவனின் விருப்பம் இருக்கக்கூடும் என்று, வாசிக்கப்பட்டதையே எடுத்துப் பேசினார். தாம் செய்த ஆயத்தத்தை அப்படியே கீழே வைத்துவிட அவரால் முடிந்தது.

இலக்கணத்தையும் அவ்வாறே கீழே வைத்தார். வாய், எலும்பு இரண்டுக்கும் இலத்தீனில் ஏறக்குறைய ஒரே சொல். உயிரெழுத்தின் நீளம்தான் வேறு. நம்மில் பலர் காதில் ல, ள, ழ வேறுபடாததுபோல, ஆப்பிரிக்க மக்களுக்கு அந்த வேறுபாடு கேட்கவில்லை. எனவே எலும்பைக் குறிக்கப் பாமரர் வழங்கிய கொச்சைச் சொல்லையே சொல்லலாம் என்றார். மறையுரையாளர்களுக்கென்றே அவர் எழுதிய நூல் 'கிறிஸ்தவக் கோட்பாடு'. 396 வாக்கில் தொடங்கி, முதுமையில் முடித்தார். பேசப்போகிறவர் முதலில் மன்றாடுகிறவராக இருக்கட்டும் என்பதை அதன் நான்காம் பகுதியில் வற்புறுத்துகிறார். நன்றாகச் சொல்லத் தெரிந்து, சொந்தமாக அமைக்க இயலாதவர், வேறொருவர் எழுதியதை மனப்பாடம் செய்து பேசுவதிலும் தவறில்லை என்கிறார். சனி இரவில் மறையுரை நூல்களைப் புரட்டும் நம் போன்றோருக்கு இது பெரிய நிம்மதி! தம் உரை தமக்கே சலிப்பாக இருக்கிறது என்று வருந்திய கார்த்தேஜ் திருத்தொண்டர் ஒருவருக்கு, தமக்கும் தம் பேச்சு ஏறக்குறைய எப்போதுமே நிறைவு தருவதில்லை என்று அகுஸ்தினார் பதில் எழுதினார்.

இனி அந்த 51-ஆம் மறையுரைக்கு வருவோம். விடை நீளமானது, சுருக்கிச் சொல்கிறோம். யோசேப்புக்கு மத்தேயு ஒரு தந்தையையும் லூக்கா இன்னொரு தந்தையையும் சொல்வது முரண் அன்று. ஒருவர் பெற்றவர், மற்றவர் தத்தெடுத்தவராக இருக்கலாம் என்றார். பிறகு எருசலேம் ஆலயக் காட்சிக்கு வந்தார். பன்னிரண்டு வயதுச் சிறுவனைத் தேடிக் கண்டுபிடித்த மரியா, தவிப்போடு கேட்கும்போது யோசேப்பைத் தந்தை என்றே குறிப்பிடுகிறார். தம்மைச் சொல்லும் முன் அவரைச் சொல்கிறார். மீட்பரைப் பெற்றெடுத்த பேறு உடையவர், அந்தப் பேற்றைக் கொண்டு கணவரைப் பின்னுக்குத் தள்ளவில்லை என்று அகுஸ்தினார் காட்டுகிறார். இயேசுவும் அவர்களுக்குப் பணிந்து நடந்தார் என்பதைத் தம் எதிரே நின்ற இளைஞர்களுக்கு எடுத்துச் சொன்னார். உடலின் வழியாகப் பெற்றதால் மட்டும் ஒருவர் தந்தையாவதில்லை. அன்பின் உறுதியே திருமணத்தையும் தந்தைமையையும் ஆக்குகிறது. யோசேப்பின் தந்தைமை அதனால் இன்னும் வலுவானது என்பது அவ்வுரையின் உயிர்நாடி.

அதே உரையில் திருமணத்துக்கு வெளியே பிறக்கும் பிள்ளைகளைப் பற்றியும் ஓரிடத்தில் பேசுகிறார். அவருடைய வாழ்க்கையை அறிந்த நமக்கு அங்கே கொஞ்ச நேரம் மேலே படிக்க இயலவில்லை. மகனின் பெயரை அவர் அங்கே எடுக்கவில்லை. ஆனால் வேறொன்றைச் சொல்லிவிடுகிறார். இளமையில் தாம் திருநூலைத் தாழ்மையின்றிச் செருக்கோடு ஆராய்ந்ததையும், சிறகு முளைக்குமுன் பறக்கலாம் என்று கூட்டை விட்டுப் போய்த் தரையில் விழுந்ததையும், வழிப்போக்கர் கால்பட்டு நசுங்கிவிடாதபடி ஆண்டவர் இரக்கத்தோடு எடுத்து மீண்டும் கூட்டில் வைத்ததையும் ஆயராகிய அவர் மக்கள் முன் அறிக்கையிடுகிறார். நாசரேத்துக் குடும்பத்தைப் பற்றிப் பேசும் அந்த உரையில் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுக்கும் ஓர் இடம் இருந்தது. கேட்டு நின்றவர்களில் அப்படி விழுந்தவர் எத்தனை பேரோ!

430-இல் வாண்டலர் படை ஹிப்போவை முற்றுகையிட்டது. இறுதி நோய் வரும் வரை அவர் மறையுரையை நிறுத்தவில்லை என்று அவரோடு வாழ்ந்த ஆயர் பொசிதியு எழுதுகிறார். படுத்த பின், மனம் வருந்தி மன்றாடும் திருப்பாடல்களை எழுதச் செய்து, எதிர்ச் சுவரில் ஒட்டவைத்து, படுக்கையிலிருந்தே படித்துக் கண்ணீர் விட்டார். ஆகஸ்ட் 28 அன்று, 75-ஆம் வயதில் இறந்தார். நூல்களும் மறையுரைகளும் தப்பிப் பிழைத்தன. தாயின் பெயரையும் மகனின் பெயரையும் அவற்றின் வழியாக நாம் அறிகிறோம். மகனைப் பெற்றவரின் பெயரை மட்டும் அவர் எங்கும் எழுதவில்லை. திருக்குடும்ப ஞாயிறன்று நம் பங்கில் இறைமக்கள் மன்றாட்டுகளில், துணையால் அனுப்பிவிடப்பட்ட பெண்களுக்காக ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறோம்.